பதின்மூன்று எண்

திங்கள்சந்தையில் செவ்வாய்க்கிழமையும் சந்தைதான்.
ரவுண்டானாவுக்கு மேற்கே டார்வின் அண்ணன் கடை.
மாடியில் அதே கடை இன்னொரு முறை,
கதவில்லாமல், ஷட்டரில்லாமல்,
ஒரு கணினிக்குள்.
அதற்குக் காவல் நான்.

நாலாயிரத்து முந்நூறு சாமான்.
ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு,
கோட்டுக்கு அடியில் பதின்மூன்று எண்.
தேடல் பெட்டிக்கு அது மட்டும் தெரியாது.

சீனி என்றால் சீனி காட்டும்.
சர்க்கரை என்றால்
வடக்கே ஒன்று, நமக்கு வேறொன்று என்று
நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன்.
மரச்சீனி என்று கேட்டவருக்கு
சீனியைக் காட்டி ஏச்சு வாங்கியதும் உண்டு.
எண்ணை அடித்தால் மட்டும்
'நீங்கள் தேடியது இங்கே இல்லை.'
கீழே மூன்றாம் அலமாரியில் இருக்கும்.
இல்லை என்று மேலே சத்தியம் செய்யும்.

"எண்ணைப் போட்டு யாரு பிள்ளே தேடப்போறா?"
டார்வின் அண்ணன் சிரித்தார்.

யாரோ தேடினார்கள்.
கிடைக்காதவற்றுக்கு என்று ஒரு பட்டியல் உண்டு,
காலையில் டீயோடு நான் படிப்பது.
அதில் ஒரே எண், பத்தொன்பது ராத்திரி,
பதினொன்றே முக்காலுக்கு,
ஒரு இலக்கம்கூடப் பிசகாமல்.

பழைய கணக்குத்தாளைத் திறந்தேன்.
பதின்மூன்று எண் இருக்கவேண்டிய கட்டத்தில்
எட்டுப் புள்ளி ஒன்பது,
பக்கத்தில் ஒரு ஈ,
கூட்டல் பன்னிரண்டு.
கட்டத்துக்குக் கட்டம் ஈ.
கருவாட்டுக் கூடையைத் திறந்து வைத்ததுபோல்
நாலாயிரத்து முந்நூறு ஈ.
வால் எண்களை எல்லாம் அவை தின்றிருந்தன.
பூஜ்யத்தில் தொடங்கிய வெளிநாட்டுச் சாமானுக்குத்
தலையே இல்லை.

விரட்ட முடியாது. முதலிலிருந்து வரவேண்டும்.
ஸ்கேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
மூன்று ராத்திரி, வெளியே சாரல்,
உள்ளே பீப், பீப்,
ஊறுகாய் பீப், கொசுவத்தி பீப்,
கசங்கிய கோட்டைக் கட்டைவிரலால் நீவிவிட்டு
மறுபடி பீப்.
எண்ணை எண்ணாக வைக்காதே, எழுத்தாக வை என்று
கட்டத்துக்குக் கட்டளை போட்டேன்.
தேடல் பெட்டியின் காதில் புதிதாய் ஒரு வரி எழுதினேன்.
பிறகு அந்தப் பத்தொன்பது ராத்திரி எண்ணை
நானே அடித்துப் பார்த்தேன்.

ஒன்று கிடைத்தது.

குடலில் அறுவை முடிந்தவர்கள்
வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும் பை.
கடைசி அலமாரியில்,
டார்வின் அண்ணன் நாளிதழ் போட்டு மூடி வைத்திருந்த பெட்டி.

அதற்கு ஒரு ஆங்கிலப் பேர் இருக்கிறது,
எழுத்துக்கூட்ட எனக்கே வராது.
தமிழில் சொல்லிக் கேட்கலாம்,
கேட்டால் கவுண்டரில் நிற்கும் பையன்
"யாருக்கு? என்னத்துக்கு?" என்பான்,
பின்னால் நிற்பவருக்குக் காது நீளும்,
பஸ் இரணியல் தாண்டும் முன்னே
செய்தி வீட்டுக்குப் போய்விடும்.
எண்ணுக்கு ஸ்பெல்லிங் இல்லை.
எண்ணை யாரும் இரங்கிப் பார்ப்பதில்லை.
நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தந்த உறையைக்
கிழித்தெறியாமல்
அந்தக் கோட்டை மட்டும் வெட்டி வைத்திருப்பார் போல.

அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை என்று சொன்னால்
பொய்.
போய், சாப்பிட்டு, தூங்கிவிட்டேன்.
காலையில் பார்த்தேன்:
பதினொன்று நாற்பத்திரண்டு.
தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று.
பத்துப் பை. பணம் கட்டியாயிற்று.
பேருக்கான இடத்தில் 'வே', ஒரு புள்ளி.
வீட்டு விலாசம் இல்லை,
அழகியமண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை.
குறிப்பு: பெட்டிமேல் ஒன்றும் எழுதவேண்டாம்.

காக்கித்தாள் சுற்றினேன்.
பில்லை உள்ளே மடித்து வைத்தேன்.
டெலிவரிக்கு வந்த சுஜின் பெட்டியைக் குலுக்கினான்.
"எக்கா, உள்ள என்ன?"

எட்டு, என்றேன்.
ஒன்பது. பூஜ்யம். ஆறு.
ஐந்தாவது எண்ணுக்குள்
வண்டியைக் கிளப்பிவிட்டான்.